1945: போர் முடிந்தது என்று யார் கையெழுத்துப் போட்டார்கள்?

#1 கீழைக்கடல்

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது.

1945 செப்டம்பர் 2, டோக்கியோ விரிகுடா. மிசூரி போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஒரு மேசை போட்டு, ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தை விரித்து வைத்திருக்கிறார்கள். ஜப்பான் தரப்பில் இரண்டு பேர் கையெழுத்திட்ட பிறகு நேச நாட்டுத் தலைமைத் தளபதி மெக்ஆர்தர். அவருக்குப் பின் அமெரிக்கா, சீனா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம், ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், நெதர்லாந்து, நியூசிலாந்து என்று ஒவ்வொரு நாட்டின் பிரதிநிதியாக வருகிறார்கள்.

அங்கே ஒரு சின்னத் தவறு நடந்தது. ஜப்பானுக்குரிய பிரதியில் கனடாக்காரர் தன் கோட்டுக்கு ஒரு கோடு கீழே, பிரான்சுக்கு உரிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒரு படி இறங்க வேண்டியதாயிற்று. நியூசிலாந்துக்குக் கோடே மிஞ்சவில்லை. அடியில் இருந்த வெற்றிடத்தில் போட்டார். அப்புறம் ஒரு அதிகாரி நாட்டுப் பெயர்களை அடித்துப் பேனாவால் திருத்தினார். அந்தத் தாளின் படம் இன்றும் கிடைக்கிறது.

அதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் என் கண் இன்னொன்றைத் தேடுகிறது. சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்த இந்தியப் படைக்கு அங்கே ஒரு கோடு இல்லை. பர்மாவில் ஜப்பானை முறியடித்த பிரிட்டிஷ் பதினான்காம் படையில் பெரும்பங்கு இந்தியர்கள். நெதர்லாந்து தன் கிழக்கிந்தியத் தீவுகளை 1942 மார்ச்சிலேயே பறிகொடுத்த நாடு. பிரான்ஸ் இந்தோசீனாவில் ஜப்பானை உள்ளே விட்டு, 1945 மார்ச்சில் மிச்சத்தையும் இழந்த நாடு. அந்த இருவருக்கும் கோடு இருந்தது. அந்தக் கையெழுத்துகளை நான் "எங்கள் காலனிகளுக்குத் திரும்பி வருகிறோம்" என்ற அறிவிப்பாகத்தான் படிக்கிறேன்.

அதே செப்டம்பர் 2 அன்றுதான் ஹனோயில் ஹோ சி மின் வியட்நாம் விடுதலையை அறிவித்தார். இந்தோனேசியா ஆகஸ்ட் 17 அன்றே அறிவித்துவிட்டது. அடுத்த சில வாரங்களில் சைகோனுக்கும் சுரபாயாவுக்கும் போய் அந்த அறிவிப்புகளுக்கு எதிராகத் துப்பாக்கி பிடிக்க அனுப்பப்பட்டவர்கள் யார்? இந்தியச் சிப்பாய்கள். சைகோனில் ஜெனரல் கிரேசியின் 20ஆம் இந்திய டிவிஷன். சுரபாயாவில் 49ஆம் இந்தியப் படைப்பிரிவு, பிறகு 5ஆம் இந்திய டிவிஷன். சைகோனில் ஆள் போதாமல், சரணடைந்த ஜப்பானியர் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

பள்ளிப் பாடத்தில் "1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தது" என்று ஒரு வரி வரும். யாருக்கு முடிந்தது? நம் மக்களுக்கு எப்போது முடிந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 ஆவணன்

நல்ல கேள்வி. ஆனால் சில விவரங்களைச் சேர்த்தால்தான் படம் முழுமையாகும்.

இந்தியாவுக்கு நாற்காலியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. போட்டவர்கள் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானேர் மகாராஜா கங்கா சிங்கும். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்திலும் இந்தியா கையெழுத்திட்டது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், ஆற்காடு ராமசாமி முதலியார். அடுத்த ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். சிங்கப்பூரில் 1945 செப்டம்பர் 12 அன்று நகராட்சிக் கட்டடத்தில் நடந்த சரணாகதி நிகழ்ச்சியில் இந்தியா சார்பில் பிரிகேடியர் திம்மையா இருந்தார்.

நாற்காலி இருந்தது. அதில் உட்காரும் ஆளை வைஸ்ராய் தேர்ந்தெடுத்தார். விஜயலட்சுமி பண்டிட் அதே சமயம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், உள்ளே இருப்பவர்கள் இந்திய மக்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று மண்டபத்துக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தார். முதலியாரின் திறமையைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட ஒரு நாட்டுக்குப் பெயர் இருந்தால் போதும் என்றிருந்த காலம் அது. சொந்தக் குரல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

#3 கீழைக்கடல்

ஐயா, வெர்சாய் விவரம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. இரண்டு போர்களின் முடிவிலும் ஒரே ஏற்பாடு என்றால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

#4 பால்மரம்

கீழைக்கடல் அண்ணா, நான் மலேசியா. தோட்டத்தில் பிறந்தவள். உங்கள் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8 கோத்தா பாருவில் இறங்கினான். எழுபது நாளில் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்கார துரைமார் ஓடிப் போனார்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லை, பால் வெட்டு நின்றுபோனது, தோட்டத்தில் சம்பளமும் இல்லை அரிசியும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாதம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), சாப்பாடு உண்டு என்று சொன்னார்களாம். முதலில் கேட்டுச் சேர்த்தார்கள். பிறகு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் தாத்தா இரண்டாவது வகை.

அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள், 12,000க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் கணக்கு அப்படித் துல்லியமாக இல்லை. போனவர்கள் இரண்டு லட்சம் அளவில், இறந்தவர்கள் 90,000 அளவில் என்பது பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கைதிகள் முகாமில் படை மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், இறந்தவன் பெயரை ரகசியமாகவாவது ஒரு காகிதத்தில் எழுதி வைத்தார்கள். எங்கள் ஆட்கள் இருந்த கூடாரங்களில் மழைக்காலத்தில் காலரா வந்தபோது எழுதி வைக்க யாரும் இல்லை.

1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். தோட்டம் திறந்தது. அப்போது என்ன நடந்தது என்று பாட்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆபீஸ் வாசலில் பெண்களை வரிசையில் நிற்க வைத்து, கிராணி (தோட்டத்து எழுத்தர்) செக்ரோலை, அதாவது ஆள் பதிவேட்டை, பார்த்துப் பெயர் கூப்பிட்டாராம். தாத்தா பெயர் வந்ததும் "ஆள் எங்கே?" என்றார். "சயாமுக்குப் போனவர் வரவில்லை" என்றாள் பாட்டி. "செத்தாரா, வேறு எங்காவது போய்விட்டாரா?" "செத்துட்டார்னு கூடப் போன ஆளு சொன்னாரு." "அதுக்குக் காகிதம் இருக்கா?" இல்லை. செக்ரோலில் "ஆள் இல்லை" என்று ஒரு குறி. அவ்வளவுதான். கைம்பெண் என்று எழுதினால் ஏதாவது உதவி கேட்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காகிதம் இல்லாததால் அதுவும் இல்லை.

தாத்தா ஒரே ஒரு தடவை, உடம்பு முடியாமல் திரும்பி வந்த ஒருவர் கையில் பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எல்லாம் ஜப்பான் நோட்டு. பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் போட்டிருக்கும், அதனால் வாழைமரக் காசு என்பார்கள். பாட்டி அதைச் செலவழிக்காமல் சேலை மடிப்பில் வைத்திருந்தாள். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்ததும் அந்தக் காசு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். போர் முடிந்தது என்பதற்குப் பாட்டிக்குத் தெரிந்த அர்த்தம் அந்த அறிவிப்பு.

#5 ஆவணன்

பால்மரம் அம்மா, அந்த நோட்டுகள் இன்னும் இருக்கின்றனவா? 1942இல் வந்தவற்றில் வரிசை எண் அச்சிட்டிருப்பார்கள். பிறகு அச்சடிப்பு தாறுமாறாகப் பெருகியபோது எண்ணை விட்டுவிட்டு எழுத்துகள் மட்டும் போட்டார்கள். மலாயா நோட்டு என்பதற்கு முதல் எழுத்து 'எம்'. இருந்தால் பாருங்கள், எந்தக் காலத்து நோட்டு என்று ஓரளவு சொல்லலாம்.

#6 பால்மரம்

சித்தி வீட்டில் இருக்கிறது ஐயா. இந்த வாரம் போவேன், பார்த்துச் சொல்கிறேன்.

#7 செங்காந்தள்

பால்மரம் அக்கா எழுதியதற்குக் கீழே அரசியல் பேசவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கீழைக்கடல் கேட்ட கேள்வியின் இந்தியப் பக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவைப் பொறுத்தவரை போரின் அரசியல் முடிவு செங்கோட்டையில் நடந்தது. 1945 நவம்பர் 5 அன்று, ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து (ஐ.என்.ஏ.) அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் விசாரணை தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். மூவரையும் ஒரே கூண்டில், அதுவும் செங்கோட்டையில் நிறுத்தியது பிரிட்டிஷ் அரசு தனக்குத் தானே செய்துகொண்ட பெரும் தீங்கு. பூலாபாய் தேசாய் வாதாடினார். நேரு பல ஆண்டுகளுக்குப் பிறகு வக்கீல் அங்கி போட்டுக்கொண்டு வந்தார். ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1946 ஜனவரி தொடக்கத்திலேயே தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்து விட்டுவிட்டார். ரத்து செய்யாவிட்டால் தன் படையே கையில் நிற்காது என்ற பயம்.

அடுத்த மாதம் பயந்தது நடந்தது. பிப்ரவரி 18, பம்பாயில் தல்வார் பயிற்சித் தளத்தில் கடற்படை மாலுமிகள் வேலைநிறுத்தம். சில நாளில் 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள். பிப்ரவரி 19 அன்று லண்டனில் அமைச்சரவைத் தூதுக்குழுவை அறிவிக்கிறார் அட்லி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போரில் தோற்ற இந்திய தேசிய ராணுவம், தோற்ற பிறகு ஜெயித்தது.

#8 ஆவணன்

செங்காந்தள் எழுதியது: "பிப்ரவரி 19 அன்று லண்டனில் அமைச்சரவைத் தூதுக்குழுவை அறிவிக்கிறார் அட்லி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

தம்பி, இந்தத் தேதிப் பொருத்தம் பல பேரை ஏமாற்றியிருக்கிறது. அறிவித்தது 19ஆம் தேதிதான். அனுப்புவதென்ற முடிவை ஜனவரியிலேயே எடுத்துவிட்டார்கள். மாலுமிகள் எழுச்சி அந்த முடிவுக்குக் காரணமாக இருக்க முடியாது.

பணத்தைப் பாருங்கள். 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த ஒரு வாரத்துக்குள், போர்க்காலம் முழுக்கப் பொருள் தந்து தாங்கிய லெண்ட் லீஸ் உதவியை அமெரிக்கா சட்டென்று நிறுத்தியது. பிரிட்டன் 375 கோடி டாலர் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதன் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2006 டிசம்பர் 29. போர்க்காலத்தில்கூட ரொட்டிக்குப் பங்கீடு வைக்காத நாடு, ஜெயித்த மறு ஆண்டு 1946 ஜூலையில் ரொட்டிக்கும் பங்கீட்டு அட்டை வைத்தது. இந்தியாவுக்கு அவர்கள் தர வேண்டிய ஸ்டெர்லிங் பாக்கியே 130 கோடி பவுண்டு அளவு. இருநூறு ஆண்டுகளாகக் கடன்காரனாக நடத்திய நாட்டுக்கே கடன்பட்டு நின்றார்கள்.

அதோடு 1945 ஜூலைத் தேர்தலில் சர்ச்சிலைத் தோற்கடித்துத் தொழிற்கட்சி 393 இடங்களைப் பிடித்தது. வீடு கொடு, மருத்துவம் கொடு என்று கேட்டுத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். சாம்ராஜ்யத்தைத் தாங்கிப் பிடிக்கவென்று அந்த அரசை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

#9 செங்காந்தள்

தேதியைத் திருத்தியதற்கு நன்றி ஐயா, என் தவறுதான். ஆனால் பணக் கணக்கு ஒன்றைத்தான் விளக்கும். அவர்களுக்கு ஏன் போக வேண்டியிருந்தது என்று சொல்லும். எத்தனை சீக்கிரம், ஏன் 1948 ஜூன் என்று அறிவித்ததை 1947 ஆகஸ்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள் என்பதைச் சொல்லாது. நெதர்லாந்திடமும்தான் பணம் இல்லை. இந்தோனேசியாவை விட்டுப் போக 1949 டிசம்பர் வரை ஆனது. பிரான்ஸ் 1954இல் தியன் பியன் பூவில் அடிபடும் வரை போகவில்லை. இவர்களிடம் தங்கள் சொல்லைக் கேட்கும் படை இருந்தது. பிரிட்டனிடம் இருந்த படை இந்தியப் படை. அது இனி கேட்குமா என்ற சந்தேகத்தை விதைத்தது செங்கோட்டை.

கீழைக்கடல் சொன்ன சுரபாயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945 அக்டோபர் 30 அன்று அங்கே பிரிகேடியர் மல்லாபி கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று தொடங்கிய தாக்குதலை இந்தோனேசியா இன்றும் வீரர் நாளாக நினைவுகூர்கிறது. அந்த நாட்களில் சில நூறு இந்தியச் சிப்பாய்கள் படையை விட்டு இந்தோனேசியர் பக்கம் போனார்கள். அடுத்தவன் விடுதலையை நசுக்க எங்கள் பிள்ளைகளை அனுப்பாதே என்று நேரு இங்கே பேசிக்கொண்டிருந்தார். செங்கோட்டை விசாரணையும் சுரபாயாவும் ஒரே மாதம். பத்திரிகையில் இரண்டையும் ஒரே பக்கத்தில் படித்த ஒரு சிப்பாயின் மனதில் என்ன ஓடியிருக்கும்?

#10 ஆவணன்

அந்த வாதத்தை ஏற்கிறேன். வேகத்துக்குக் காரணம் படை என்று நீங்கள் சொல்வது சரி. கூடவே 1946 ஆகஸ்டுக்குப் பிந்தைய கலவரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடக்க ஆள் இல்லாமல் ஓடிய ஓட்டத்துக்குப் பஞ்சாபும் வங்காளமும் விலை கொடுத்தன.

#11 பால்மரம்

ஐ.என்.ஏ. பற்றி இந்தியாவிலிருந்து பேசும்போது அதிகாரிகள் பெயர்தான் வருகிறது. எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்கிறேன்.

மலாயாவில் ஐ.என்.ஏ.வில் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். ஜான்சி ராணி படையில் பால்மரம் வெட்டிய பெண்கள் இருந்தார்கள். நாட்டுப்பற்று இருந்தது, மறுக்கவில்லை. நேதாஜி பேச்சைக் கேட்டு நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றிச் சொல்லாத வீடு கிடையாது. இன்னொன்றும் இருந்தது. ஐ.என்.ஏ. சீருடை போட்டவனை சயாம் ரயிலுக்குப் பிடிக்க மாட்டார்கள். எங்கள் பெரிய தாத்தா அப்படித்தான் தப்பினார். அண்ணன் படைக்குப் போனார், தம்பி லாரியில் போனார்.

சிங்கப்பூர் கடற்கரையில் ஐ.என்.ஏ. நினைவுத் தூணுக்கு 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் வைத்தார். செப்டம்பரில் வந்திறங்கிய பிரிட்டிஷ் படை அதை இடித்துத் தள்ளியது. ஒரு கல் தூணை இடிப்பதற்கு அத்தனை அவசரம்.

பிறகு வந்ததும் சுகமாக இல்லை. 1946இல் மலாயன் யூனியன் வந்தபோது குடியுரிமை எங்களுக்கும் எளிதாகக் கிடைக்கும் போலிருந்தது. எதிர்ப்பு வலுத்து 1948 பிப்ரவரியில் கூட்டரசாக மாறியபோது அந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் அவசரகாலம். மலாயா தொழிற்சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவரும் ஐ.என்.ஏ.வில் இருந்தவர். நேரு அரசு கேட்டும் விடவில்லை. செங்கோட்டையில் மூன்று பேருக்குக் கிடைத்த மன்னிப்பு புடுவில் ஒருவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் இந்தியத் தெருவின் கூட்டம் இல்லை, அதுதான் வித்தியாசம்.

#12 தேயிலைச்சாரல்

நான் மலையகம். அக்கா எழுதிய குடியுரிமை விஷயத்தைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

இலங்கை போர்க்களமாகவில்லை, 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டதைத் தவிர. மலாயா ரப்பர் எதிரி கையில் போனதால் எங்கள் தோட்டத்து ரப்பருக்கு அப்படி ஒரு கிராக்கி. மரம் சாகிற அளவுக்கு வெட்டச் சொன்னார்கள். பிரிட்டன் ஜெயிக்க எங்கள் ஆட்களும் உழைத்தார்கள். 1948 பிப்ரவரி 4 சுதந்திரம். அதே ஆண்டு வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. சட்டம் கேட்டதும் அக்கா பாட்டியிடம் கிராணி கேட்டதைத்தான்: காகிதம். அப்பன் இங்கே பிறந்ததற்குக் காகிதம், பாட்டன் இங்கே பிறந்ததற்குக் காகிதம். லயத்தில் பிறந்தவனுக்கு எங்கே காகிதம்?

1951 செப்டம்பரில், ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் போடக் கூடிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கை சார்பில் ஜே. ஆர். ஜெயவர்தனா பேசிய பேச்சை இன்றும் ஜப்பானில் கொண்டாடுகிறார்கள். பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். நல்ல பேச்சு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் இருந்த அரசு, தன் சொந்த நாட்டில் ஏழு லட்சம் பேரின் ஓட்டைப் பறித்து இரண்டு மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. என் அப்பாவுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். அந்தப் பேச்சு நடந்த நாளில் அவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை.

#13 கீழைக்கடல்

சான் பிரான்சிஸ்கோ வரை வந்துவிட்டோம், அதனால் அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த இழையைத் தொடங்கியதே இதற்காகத்தான்.

அந்த ஒப்பந்தம் 1951 செப்டம்பர் 8 அன்று கையெழுத்தானது. இந்தியா போகவில்லை. ஜப்பான் மண்ணில் அந்நியப் படை தொடர்வது, ஒகினாவா போன்ற தீவுகள் அமெரிக்கா கையில் இருப்பது, சீனாவின் உரிமை இதையெல்லாம் சொல்லி நேரு மறுத்தார். 1952 ஜூன் 9 அன்று தனி ஒப்பந்தம் போட்டு நட்டஈட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டார். ஆசியாவில் புதிதாக எழுந்த நாடு இன்னொரு ஆசிய நாட்டை மரியாதையோடு நடத்த வேண்டும் என்ற எண்ணம் அது. எனக்கு அதில் பெருமை உண்டு.

மலாயாவுக்கோ சொந்த அரசு இல்லை. பிரிட்டன் போட்ட கையெழுத்து மலாயாவையும் சேர்த்துத்தான். நட்டஈட்டு உரிமை அந்த ஒரு கையெழுத்தோடு போனது. பர்மா 1954இலும் பிலிப்பைன்ஸ் 1956இலும் இந்தோனேசியா 1958இலும் சுதந்திர நாடுகளாக ஜப்பானோடு நேரே பேசி நட்டஈடு வாங்கின. மலேசியா 1967இல் கேட்டபோது 'நல்லெண்ணம்' என்ற பெயரில் 2.5 கோடி வெள்ளி மதிப்புக்கு இரண்டு கப்பல்கள் வந்தன. ரயில் பாதைக்குப் போன ஒரு குடும்பத்துக்கும் அதில் தனியாக ஒன்றும் இல்லை.

போர்க்கைதிகளுக்கு என்ன கிடைத்தது? அந்த ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவின்படி பிரிட்டிஷ் கைதி ஒருவருக்கு 76 பவுண்டு சொச்சம். அவர்களும் கொதித்துப் போனார்கள், பல ஆண்டு போராடினார்கள். 2000இல் அவர்களுடைய அரசே உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. அவர்கள் பட்டதற்கு அதுவும் குறைவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1946 அக்டோபரில் அந்தப் பாதையின் சயாம் பகுதியைத் தாய்லாந்து அரசுக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். அந்தப் பணம் போனது எங்கே தெரியுமா? பாதை போட ஜப்பான்காரன் மலாயாவிலும் பர்மாவிலும் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளத்துக்கும் பெட்டிகளுக்கும் ஈடாக. தண்டவாளத்தை எங்கிருந்து எத்தனை எடுத்தான் என்று கணக்கு இருந்தது.

#14 ஆவணன்

இந்தக் கடைசி விவரத்தை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை, கீழைக்கடல்.

இந்திய நீதிபதி ராதாபினோத் பால் பற்றியும் ஒரு வார்த்தை. போர்க்குற்றத்துக்காக ஜப்பான் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் பதினொரு நீதிபதிகளில் அவர் மட்டும் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். இந்தியாவில் அதைப் பெருமையாகச் சொல்வோம், நானும் பல முறை சொல்லியிருக்கிறேன். அவர் வாதம் சட்ட வாதம். போர் தொடுப்பது குற்றம் என்று போருக்குப் பிறகு சட்டம் எழுதித் தோற்றவனை மட்டும் அதில் தண்டிக்கலாமா, அணுகுண்டு போட்டவனை யார் விசாரிப்பது என்று கேட்டார். கொடுமைகள் நடக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. சயாம் ரயில் பாதை அந்த வழக்கில் பேசப்பட்டது. ஆனாலும் பால்மரம் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, அந்த மாறுபட்ட தீர்ப்பு ஒரு தோட்டத்து வீட்டில் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இத்தனை நாள் நினைத்ததில்லை.

#15 பால்மரம்

ஐயா, எங்கள் வீட்டில் அது கேட்கவே இல்லை. டோக்கியோவில் தீர்ப்பாயம் நடந்தது என்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். பால் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விசாரணை சரியில்லை என்று அவர் சொல்லலாம். எங்களுக்கு விசாரணையே நடக்கவில்லை. தாத்தாவை லாரியில் ஏற்றியவர்களில் உள்ளூர் ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் பக்கத்துத் தோட்டத்திலேயே வேலை பார்த்தார் என்று பாட்டி சொல்வாள். பெயர் சொல்ல மாட்டாள்.

போன வருடம் நான் தாய்லாந்தில் அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரிக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போர்க்கைதிகள் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர். புல்லை ஒரே அளவில் வெட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு பலகையிலும் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24, 21. அழுதுவிட்டேன், அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். அப்புறம் விசாரித்துக்கொண்டு வாட் தாவோன் என்ற புத்தர் கோயிலுக்குப் போனேன். தொழிலாளர் எலும்புகளைச் சேர்த்து வைத்த பொதுச் சமாதி அங்கே இருக்கிறது. அங்கே நின்றபோது எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை. கொண்டுபோன வெற்றிலையை நடுவில் வைத்துவிட்டு வந்தேன்.

#16 செங்காந்தள்

அக்கா, தாத்தா பெயரை எங்காவது பதிய வழி இருக்கிறதா? செக்ரோல் இப்போது யாரிடம் இருக்கும்?

#17 பால்மரம்

அந்தத் தோட்டத்தை விற்றுப் பல வருடம் ஆகிறது தம்பி. ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. செக்ரோல் என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், கை மாறிக் கை மாறிப் போய்விட்டது என்கிறார்கள். தாத்தாவோடு அதே லாரியில் போன பதினோரு பேர் பெயரைப் பெரிய தாத்தா சொல்ல அப்பா ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் வெளியே தருவேன்.

ஆவணன் ஐயா, நேற்று சித்தி வீட்டுக்குப் போய் நோட்டுகளைப் பார்த்தேன். மொத்தம் ஆறு, எல்லாம் பத்து வெள்ளி. இரண்டில் சிவப்பு மையில் வரிசை எண் இருக்கிறது. நான்கில் 'எம்' என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும். அந்த நான்கையும் பாட்டி தனியாக ஒரு துணியில் மடித்து வைத்திருக்கிறாள். சயாமிலிருந்து வந்தது அவைதான் என்கிறார் சித்தி. மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் கிழியப் பார்க்கிறது, அதனால் விரிக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து நாளைக்கு இங்கே போடுகிறேன்.